நெடுந்தீவுக் கிணறுகளில் மோட்டார் பூட்டுமுன் கவனிக்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளி, காற்று, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைத்து மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கான ஒப்பந்தம் இந்திய அரசின் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் கைச்சாத்தானது. டீசல் மின்பிறப்பாக்கியை நம்பியிருந்த தீவுகளுக்கு இது பெரிய ஆறுதல். மின்சாரம் தாராளமாகக் கிடைத்தால் முதலில் பெருகப்போவது தண்ணீர் மோட்டார்கள்தான். நெடுந்தீவைப் பொறுத்தவரை அது தீவின் குடிநீரையே தொடும் விடயம். மின்கம்பி போய்ச் சேருமுன் கிணறுகளுக்கு ஒரு வரம்பு வகுத்தாக வேண்டும். அதற்கான காரணத்தையும் வழியையும் தங்கள் பத்திரிகை மூலம் தீவு மக்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

நெடுந்தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே மக்கள் வாழும் தீவுகளில் பெரியவற்றில் ஒன்று, குடாநாட்டிலிருந்து மிகவும் ஒதுங்கியது. புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணி நேரம். மலை இல்லை, ஆறு இல்லை. கடல்மட்டத்திலிருந்து சில மீற்றரே உயர்ந்த தட்டையான சுண்ணாம்புக்கல் மேடை, அதன்மேல் மெல்லிய மண். பல இடங்களில் மண்வெட்டி இரண்டாம் கொத்துக்கே கல்லில் மோதும். வடக்கே குடியிருப்பும் பனங்கூடலும், தெற்கே பரந்த புல்வெளி. வேலிக்குப் பதிலாக முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள். பெருக்குமரத்தையும் கோட்டையையும் குதிரைகளையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் தண்ணீரைப் பற்றி எழுதியது குறைவு.

தீவுக்கு நன்னீர் தருவது மழை ஒன்றே. ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும் மாரிமழைதான் ஆண்டின் பெரும்பங்கு. ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் சில மழை கிடைக்கலாம். அதன்பின் சோளகம் எழுந்துவிடும். யூனிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் அந்த வறண்ட காற்று, குளங்களிலும் மண்ணிலும் மிஞ்சிய ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால், பெய்யும் மழையைவிட ஆவியாகக்கூடிய நீரின் அளவு அதிகம். மாரியின் இரண்டு மூன்று மாதத்தில் நிலத்துக்குள் இறங்கியதைக் கொண்டே அடுத்த ஒக்டோபர் வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

நிலத்துக்குள் இறங்கிய மழைநீர் எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. சுண்ணாம்புக்கல்லில் நுண்துளைகளும் வெடிப்புகளும் கரைந்துபோன குகைவழிகளும் ஏராளம். கடல்நீர் நான்கு பக்கத்திலிருந்தும் அவற்றின் வழியே தீவின் அடிவரை புகுந்திருக்கிறது. நன்னீர் கடல்நீரைவிடச் சற்று இலேசானது. அடர்த்தி ஒன்றுக்கு 1.000, மற்றதற்கு 1.025. அதனால் மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்து, தீவின் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் ஒரு வில்லை போல நிற்கிறது. நெதர்லாந்துப் பொறியியலாளர் கைபனும் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டித் தனித்தனியே கண்டறிந்த விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ, கடல்மட்டத்துக்குக் கீழே அதைப்போல நாற்பது மடங்கு ஆழத்துக்கு இறங்கியிருக்கும். கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 30 சென்ரிமீற்றர் உயரமாக இருந்தால், கணக்குப்படி கீழே 12 மீற்றர் நன்னீர் இருக்க வேண்டும். உண்மையில் அவ்வளவு இருப்பதில்லை. வெடிப்புகள் வழியே ஏறி இறங்கும் கடலின் வற்றுப்பெருக்கு இரண்டு நீரையும் கலக்கிவிடுவதால் இடையில் தடித்த உவர்ப் பட்டை ஒன்று உருவாகிவிடும். மணலைவிடச் சுண்ணாம்புக்கல்லில் இந்தக் கலப்பு அதிகம்.

நாற்பது மடங்கு என்ற கணக்கு சேமிப்பில் நமக்கு உதவுவது போலவே இழப்பில் நம்மைத் தண்டிக்கும். மோட்டார் போட்டுக் கிணற்று மட்டத்தை 10 சென்ரிமீற்றர் இறக்கி அப்படியே வைத்திருந்தால், கிணற்றுக்கு நேர் கீழே உப்புநீர் 4 மீற்றர் வரை எழும்பலாம். கிணற்றின் அடியை நோக்கிக் கூம்பு வடிவில் உவர் ஏறும். முதல் சில நாட்கள் எதுவும் தெரியாது. பிறகு தேநீரின் சுவை மாறும், சவர்க்காரம் நுரைக்க மறுக்கும், அவரைக் கொடியின் இலை ஓரம் கருகும். அந்த நேரம் மோட்டாரை நிறுத்தினாலும் கூம்பு ஏறிய வேகத்தில் இறங்காது. பாறையின் துளைகளில் தங்கிவிட்ட உப்பைக் கழுவ ஒரு மாரியாவது வேண்டும். பல இடங்களில் ஒன்று போதாது.

எவ்வளவு உப்புக் கலந்தால் நீர் கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு. குடிநீரில் 250 மில்லிகிராமைத் தாண்டினால் நாக்குக்குத் தெரியத் தொடங்கும். நூறு வாளி நன்னீரில் ஒன்றரை வாளி கடல்நீர் கலந்தாலே இந்த எல்லை கடந்துபோகும்.

கப்பியும் துலாவும் இருந்த காலத்தில் இந்த ஆபத்துக் குறைவாக இருந்ததற்குக் காரணம் எளிது. மனிதக் கை மேல்நீரைத்தான் அள்ளும், சிறிது நேரத்தில் களைத்துப்போகும், அதற்குள் கிணறு ஊறிவிடும். அரைக் குதிரைவலு மோட்டார் மணிக்கு 1,500 லீற்றருக்கு மேல் இறைக்கும். களைப்பதில்லை. அதிலும் கிணற்றின் அடியில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார் மிகவும் கேடு. உவர் நீர் முதலில் வந்து சேரும் இடத்திலேயே அதன் வாய் இருக்கிறது. சூரிய மோட்டாரிலும் ஓர் ஆபத்து உண்டு. மின்கட்டணம் இல்லாததால் நிறுத்த வேண்டும் என்ற எண்ணமே வராது. வெயில் கடுமையாக இருக்கும் மாதங்களில் அது அதிகமாக இறைக்கும். அந்த மாதங்களில்தான் நன்னீர்ப் படை மிக மெலிந்திருக்கும்.

மோட்டாரே கூடாது என்பது எங்கள் வாதம் அல்ல. வயதானவர்களும் பெண்களும் ஆயுள் முழுவதும் கயிறு இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எப்படிப் பூட்டுவது என்பதே கேள்வி. உறிஞ்சு குழாயின் வாயைக் கிணற்றின் அடியில் விடாமல், இறுக மூடிய ஒரு வெற்றுப் பிளாஸ்ரிக் கானில் கட்டி மிதக்க விடலாம். நீர் மேற்பரப்புக்கு 30 சென்ரிமீற்றர் கீழே வாய் நிற்க வேண்டும். கானும் வாயும் மட்டத்துடன் ஏறி இறங்குவதற்குக் குழாயின் கடைசிப் பகுதி வளையக்கூடிய ரப்பர்க் குழாயாக இருக்க வேண்டும். மிதவை ஆளி ஒன்றைப் பொருத்தி, மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கியதும் மோட்டார் தானாக நிற்கும்படி செய்ய வேண்டும். காலையில் பாதி, மாலையில் பாதி என்று இறைத்துத் தாங்கியை நிரப்புவது, ஒரே தடவையில் நிரப்புவதைவிட நல்லது. நிமிடத்துக்கு ஐந்தாறு லீற்றர் மட்டும் இழுக்கும் சிறிய மோட்டார் பல மணி நேரம் ஓடினாலும், அதே அளவு நீரைப் பெரிய மோட்டார் அரை மணியில் இழுப்பதைவிடக் கிணற்றுக்குச் சுகம்.

கிணற்றின் வடிவமும் முக்கியம். 3 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால் கையில் ஏறத்தாழ 700 லீற்றர் வந்திருக்கும். 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாய்க்கிணற்றில் அதே 10 சென்ரிமீற்றரில் இரண்டு லீற்றர்கூட இராது. மோட்டார் இழுத்த அடுத்த கணமே மட்டம் மீற்றர்க் கணக்கில் சரியும், அடியிலிருந்து உவர் பாயும். இந்தத் தீவில் குழாய்க்கிணறு தோண்டுவது தண்ணீரைத் தேடிப்போவதாகாது, கடலைத் தேடிப்போவதாகும். புத்தூர் நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை யாழ்ப்பாணத்தார் அறிவார்கள். நெடுந்தீவின் கல்லும் அதே இனம், ஆனால் நன்னீரைத் தாங்கும் நிலப்பரப்பு மிகச் சிறியது.

புதுக்கிணறு வெட்டுவதானால் ஓகஸ்ட் கடைசியிலோ செப்டெம்பரிலோ வெட்டுங்கள். அப்போதுதான் மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும். நீர் கண்டபின் 60 சென்ரிமீற்றரிலிருந்து ஒரு மீற்றருக்குள் நிறுத்திவிட வேண்டும். தைமாதத்தில் வெட்டினால் நீர் மேலே நிற்கும், கோடையில் கிணறு வற்றும், வற்றியதும் ஆழப்படுத்துவார்கள், ஆழப்படுத்தினால் உவர் வரும். தீவுகளில் கெட்டுப்போன பல கிணறுகளின் கதை இவ்வளவுதான். கூடுதல் நீர் தேவையென்றால் ஆழத்தை விட்டுவிட்டு அகலத்தைக் கூட்டுங்கள், அல்லது இருபது முப்பது மீற்றர் தள்ளி இன்னொரு ஆழமற்ற கிணறு வெட்டி இரண்டிலும் மாறி மாறி எடுங்கள்.

ஊர்ப் பொதுவிநியோகத்துக்கு இதைவிடச் சிறந்த முறை உண்டு. பசிபிக் சமுத்திரத்தில் கிரிபட்டி நாட்டின் தலைநகரப் பகுதியான தெற்குத் தராவாவில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே துளையிட்ட குழாய்களைக் கிடையாகப் புதைத்து, நடுவிலுள்ள தொட்டியிலிருந்து மெதுவாக இறைக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையும் ஏறத்தாழ 300 மீற்றர் நீளம். நீர் நீண்ட கோடு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வருவதால் எந்த இடத்திலும் மட்டம் சரிவதில்லை. நெடுந்தீவில் மண் சற்று ஆழமாக உள்ள மணற்பாங்கான இடங்கள் இதற்கு ஏற்றவை. சாறாப்பிட்டிக் கிணறுகள் நல்ல தண்ணீர் தருவதற்கு அங்குள்ள மணலும் காரணம். மணல் மழையை உடனே விழுங்கும், வெடிப்புள்ள கல்லைப்போல அதைக் கடலுக்கு ஓடவிடாது, வற்றுப்பெருக்கின் கலக்கலையும் தணிக்கும். அந்த மணலை ஒரு உழவு இயந்திரப் பெட்டியளவுகூட அள்ள விடக்கூடாது. மணல் போனால் அதிலுள்ள தண்ணீரும் போகும். அடுத்த மாரி எவ்வளவு பெய்தாலும் நிற்க இடம் இராது.

எச்சரிக்கைக்கு மாலைதீவின் தலைநகர் மாலே போதும். ஒருகாலத்தில் அங்கும் வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது. குடித்தொகை பெருகி, மழை ஊறியதைவிட அதிகமாக இறைத்ததில் நன்னீர்ப் படை அழிந்து, கழிவும் கலந்தது. கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் நிலைக்கு அந்தத் தீவு தள்ளப்பட்டது. சுத்திகரிப்பு இயந்திரம் கோடையில் உதவும்தான். ஆனால் அதிலிருந்து வெளியேறும் கடும் உப்புக்கழிவு நிலத்தில் விடப்பட்டால் ஊறி மீண்டும் கிணறுகளுக்கே வரும். குழாய் போட்டுக் கடலில், அலை அடித்துக் கலக்கும் இடத்தில் விட வேண்டும். இயந்திரம் ஒன்று பழுதாகி உதிரிப்பாகத்துக்குப் படகு காத்திருக்கும் வாரத்தில் மக்களுக்குத் துணை நிற்கப்போவதும் கிணறுதான்.

குடிக்கவும் சமைக்கவும் மழைநீரே உத்தமம். 100 சதுர மீற்றர் கூரையில் 600 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்தியது சிதறியது போக 80 வீதம் என்று வைத்தாலும் 48,000 லீற்றர் சேரும். நான்கு பேருள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லீற்றர் என்றால், மழையில்லாத 240 நாளுக்கு 9,600 லீற்றர் போதும். பூசணி வடிவில் கட்டிய ஐயாயிரம் லீற்றர் சீமெந்துத் தொட்டிகள் இரண்டு இருந்தால் கோடை கடந்துவிடும். சோளகக்காலம் முழுவதும் கூரையில் கடலுப்பும் தூசியும் பறவை எச்சமும் படிந்திருக்கும் என்பதால் முதல் மழையைத் தொட்டிக்குள் விடக்கூடாது. பிந்திய மழைகளிலும் முதல் ஒரு மில்லிமீற்றரை, அதாவது 100 சதுர மீற்றர் கூரைக்கு 100 லீற்றரை, தனிக்குழாயில் ஒதுக்கிவிட வேண்டும். பீலிக்கு இரும்புத் தகடு கடற்காற்றில் நிலைக்காது. பிளாஸ்ரிக் பீலியே நல்லது. தொட்டி வாய்க்கு நுளம்பு வலை. பனையோலைக் கூரை நீர் குடிக்க உதவாது. அந்த வீடுகளுக்குப் பாடசாலை, கோயில், தேவாலயக் கூரைகளிலிருந்து பொதுத்தொட்டி அமைத்துப் பங்கிட வேண்டும்.

குழி மலசலகூடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மணலில் கழிவுநீர் மெல்ல வடிந்து ஓரளவு சுத்தமாகும். வெடிப்புள்ள கல்லில் நேராக ஓடும். இத்தனை மீற்றர் தள்ளியிருக்கிறது என்ற கணக்கு அங்கே பாதுகாப்புத் தராது. கிணற்றுக்கும் கடலுக்கும் இடையில், கடற்பக்கமாக, அடி முழுவதும் சீமெந்து பூசி ஒழுகாத தொட்டி கட்ட வேண்டும். நிரம்பியதும் கழிவை அகற்றத் தீவிலேயே ஏற்பாடு தேவை. உல்லாசப் பயணிகளுக்கான தங்குமிடங்களுக்கு அனுமதி கொடுக்கும்போது பிரதேச சபை முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

புயலில் கடல் ஏறிக் கிணறு உப்பானால் பலரும் செய்வது, நல்ல நீர் வரும்வரை இறைத்துக்கொண்டே இருப்பது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் இப்படித் திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் உப்பு நீங்குவது தாமதமானது. சில இடங்களில் கூடியது. கிணற்றுக்குள் விழுந்த சேற்றையும் குப்பையையும் அகற்ற ஒருமுறை மெதுவாக இறைத்தால் போதும். இறைத்த உப்புநீரைக் கிணற்றடியில் ஊற்றாமல் தூரத்தில் விட வேண்டும். மிச்சத்தை மழை கழுவும்.

அடுத்தது, தீவின் புல்வெளியில் கட்டின்றித் திரியும் குதிரைகள். 2015இல் தீவின் ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கோடையில் தண்ணீரின்றி அவை செத்து விழும் செய்திகள் அதன் பின்னும் வருகின்றன. ஒரு மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 லீற்றர் நீர் வேண்டும். பவுசரில் கொண்டுபோய் ஊற்றுவது அவசர உதவி. புல்வெளியிலுள்ள பழைய கேணிகளையும் குளங்களையும் மாரிக்கு முன் தூர்வாரி, விலங்கு இறங்கி ஏறும்படி ஒரு பக்கத்தைச் சரிவாக்கினால், கோடையின் பெரும்பகுதி தாக்குப்பிடிக்கும். ஆனால் தூர்வாரும்போது அடியிலுள்ள களிப்படையைக் கல்வரை சுரண்டக்கூடாது. சுரண்டினால் குளம் நீரைப் பிடித்து வைக்காது, சில இடங்களில் அடியிலிருந்து உவரும் ஏறும். கனரக இயந்திரத்தைக் கண்காணிப்பின்றி விட்டால் இதுதான் நடக்கும். முருகைக்கல் மதில்களை உடைத்து விற்பதையும் நிறுத்த வேண்டும். சோளகத்தின் வேகத்தைத் தரையோடு தணிப்பவை அவை; மதிலோரத்தில்தான் புல்லும் கன்றும் பிழைக்கின்றன.

பிரதேச செயலகத்துக்கும் நீர்வள சபைக்கும் எங்கள் வேண்டுகோள் இது. தீவின் ஆறு கிராம அலுவலர் பிரிவுகளிலும் பிரிவுக்கு ஐந்து கிணறுகள் வீதம் முப்பது கிணறுகளைத் தெரிவுசெய்து, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தையும், உப்புக் கூடினால் ஏறும் மின்கடத்துதிறனையும் அளந்து பதிய வேண்டும். கைக்கடக்கமான மின்கடத்துதிறன் மானி ஒன்று போதும். பாடசாலை உயர்தர மாணவர்களே செய்வார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் மேல்நீரில் ஒன்று, அடிநீரில் ஒன்று என இரண்டு அளவு எடுக்க வேண்டும். அடியின் அளவு மாதாமாதம் ஏறி மேலின் அளவு மாறாமல் இருந்தால் உவர் கிளம்பிவிட்டது என்று பொருள். சுவை மாறுமுன்பே இறைப்பைக் குறைத்துவிடலாம். அளவுகளைப் பிரதேச சபை வாசலிலும் இறங்குதுறையிலும் எழுதி ஒட்டுங்கள்.

மின் இணைப்பு விண்ணப்பத்திலேயே கிணற்று மோட்டாரின் குதிரைவலு, பூட்டும் முறை, கிணற்றின் விட்டம், ஆழம் ஆகியவற்றைக் கேட்டுப் பதியலாம். அரைக் குதிரைவலுவுக்கு மேற்பட்ட மோட்டாருக்கும் புதிய குழாய்க்கிணறுக்கும் அனுமதி இல்லை என்ற விதியைப் பிரதேச சபை இப்போதே நிறைவேற்றலாம். இணைப்புக் கொடுத்தபின், வாங்கிப் பூட்டிய மோட்டாரைக் கழற்றச் சொல்வது எவராலும் இயலாது. முதல் அளவீட்டை இந்தச் செப்டெம்பரில், மழைக்கு முன் எடுத்துவிட்டால், மோட்டார்கள் வருமுன் தீவின் நீர் எப்படி இருந்தது என்பதற்குக் கையில் ஒரு பதிவு இருக்கும்.

இங்ஙனம்,
தீவக நிலத்தடி நீரில் அக்கறையுள்ள வாசகர்கள்,
யாழ்ப்பாணம்.